குளக்கரைக் குடிசையில் மூன்று நாற்காலி

விருந்துக்குப் போகிறோம். எதிரே பத்து வகைப் பண்டம் வைத்திருக்கிறார்கள். எது வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். நாம் கொஞ்சம் யோசிப்போம். அதுவா இதுவா என்று பார்ப்போம். கடைசியில் ஒன்றைக் கேட்டு வாங்குவோம். வாங்கிய பிறகு, மற்றதைக் கேட்டிருக்கலாமோ என்று நினைப்போம்.

அமெரிக்காவில் ஒரு மனிதர் இருந்தார். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார். எது மிகவும் கிட்டே இருக்கிறதோ அது போதும் என்று சொல்லிவிடுவார். கேட்டவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால், அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சாப்பாடு மட்டுமல்ல, சட்டை, வீடு, சாமான், வேலை எல்லாவற்றையும் அவர் இப்படித்தான் முடிவு செய்தார்.

அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ.

இன்றைக்கு என்ன குழம்பு, எந்தப் புடவை, எந்தச் சட்டை என்று காலையில் எழுந்தது முதல் நம் வீடுகளில் நடக்கிற யோசனைகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றை எல்லாம் ஒருவர் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளினால் என்ன மிஞ்சும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு குளக்கரையில் போய்க் குடியிருந்தார் தோரோ. இரண்டு வருஷம், இரண்டு மாதம், இரண்டு நாள் இருந்தார்.

அவர் அங்கே போனதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது ஒரு சாவு.

பென்சில்காரர் மகன்

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரத்துக்குச் சுமார் 20 மைல் தூரத்தில் கான்கார்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1817-ம் ஆண்டு ஜூலை மாதம் 12-ந் தேதி தோரோ பிறந்தார்.

தகப்பனார் பென்சில் செய்கிறவர். தாயார் வீட்டிலேயே சிலரைத் தங்க வைத்து, சாப்பாடு போட்டுப் பணம் வாங்குவார். பெரிய வசதி ஒன்றும் இல்லை. மூத்தவள் ஹெலன். அடுத்தவர் ஜான். மூன்றாவது ஹென்றி. கடைசித் தங்கை சோபியா.

வீட்டில் இருந்த பணத்தை எல்லாம் திரட்டி ஹென்றியை ஹார்வர்டு கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1837-ல் அவர் பட்டம் பெற்றார். ஊருக்குத் திரும்பியதும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. சம்பளமும் நல்ல சம்பளம்.

அந்த வேலை இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. பிள்ளைகளை அடிக்காமலே பாடம் சொல்லிக் கொடுத்தார் தோரோ. பள்ளிக்கூட நிர்வாகிக்கு அது பிடிக்கவில்லை. பிரம்பு எடுத்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தோரோ சில பிள்ளைகளைக் கூப்பிட்டு அடித்தார். உடனே ராஜிநாமாக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று நாம் கேட்கலாம். தோரோவின் குணத்தில் இந்த மாதிரி முரட்டுத்தனம் கொஞ்சம் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

அண்ணனும் தம்பியும்

1838-ல் ஹென்றி சொந்தமாகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அண்ணன் ஜானும் வந்து சேர்ந்துகொண்டார். அங்கே பிரம்பு கிடையாது. பிள்ளைகளைக் காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் கூட்டிப் போய்ப் பாடம் சொன்னார்கள்.

ஜான் கலகலப்பானவர். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். ஹென்றி கூச்சம் உள்ளவர். பேசினால் வெடுக்கென்று பேசிவிடுவார். இருந்தாலும் இருவரும் இணைபிரியாமல் இருந்தார்கள். 1839-ம் ஆண்டு கோடை முடிவில், தாங்களே செய்த படகில் ஏறி கான்கார்டு ஆற்றிலும் மெரிமாக் ஆற்றிலும் யாத்திரை போனார்கள். ஹென்றியின் ஆயுளில் அதைப் போன்ற சந்தோஷமான நாட்கள் அதிகம் இல்லை.

எல்லன் சூவல் என்ற பெண்ணை இருவருமே விரும்பினார்கள். 1840-ல் முதலில் ஜான் கேட்டார். பிறகு ஹென்றி கடிதம் எழுதிக் கேட்டார். இரண்டு பேருக்கும் இல்லை என்றே பதில் வந்தது. பெண்ணின் தகப்பனார் சம்மதிக்கவில்லை. அதற்குப் பிறகு ஹென்றி கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

1842-ம் ஆண்டு தொடக்கத்தில் ஜான் சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். விரல் லேசாக வெட்டிக்கொண்டது. சின்னக் காயம். துணி சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். சில நாளில் தாடை இறுகியது. ரணஜன்னி! அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. ஜனவரி 11-ந் தேதி, தம்பியின் கைகளிலேயே ஜான் உயிர் நீத்தார்.

ஹென்றி அழவில்லை. யாருடனும் பேசவும் இல்லை. சில நாள் கழித்து அவருக்கும் தாடை இறுகியது. உடம்பு விறைத்தது. வீட்டார் நடுங்கிப்போனார்கள். ஆனால், அவர் உடம்பில் எந்தக் காயமும் இல்லை. துக்கமே அப்படி வியாதியாக வந்திருந்தது. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். தேறி எழ வெகு நாள் ஆயிற்று.

அண்ணனோடு போன படகு யாத்திரையை ஒரு புஸ்தகமாக எழுத வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊன்றியது. ஆனால், எழுத முடியவில்லை. பென்சில் பட்டறையில் வேலை. எமர்சன் என்ற பேரறிஞர் வீட்டில் தங்கி, தோட்ட வேலை, தச்சு வேலை. நியூயார்க் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. இப்படியே மூன்று வருஷம் போயிற்று. இதற்கு நடுவில், 1844-ல், ஒரு நண்பருடன் மீன் சுடுவதற்கு மூட்டிய நெருப்பு பரவி, காட்டில் சுமார் 300 ஏக்கர் எரிந்து போயிற்று. ஊரார் தோரோவைக் காட்டைக் கொளுத்தியவன் என்று ஏசினார்கள்.

எழுத வேண்டுமானால் பொழுது வேண்டும். பொழுது வேண்டுமானால் செலவு குறைய வேண்டும். செலவு குறைய வேண்டுமானால் தேவை குறைய வேண்டும். இதுதான் தோரோ போட்ட கணக்கு.

28 டாலர் வீடு

கான்கார்டு ஊருக்கு ஒன்றரை மைல் தூரத்தில் வால்டன் என்று ஒரு குளம் இருக்கிறது. சுற்றிலும் காடு. அந்தக் கரையில் எமர்சனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் குடிசை போட்டுக்கொள்ள அவர் அனுமதித்தார்.

1845-ம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் தோரோ ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். பைன் மரங்களை வெட்டிச் செதுக்கினார். (கோடரியைத் திருப்பிக் கொடுத்தபோது முன்பைவிடக் கூர்மையாக்கிக் கொடுத்தாராம். இரவல் வாங்குகிறவர்கள் கவனிக்க!) ரயில் பாதை வேலை செய்த அயர்லாந்துக்காரர் ஒருவரின் பழைய குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பிரித்து, பலகைகளை எடுத்துக்கொண்டார். செங்கல் பழசு. ஜன்னல்களும் பழசு.

வீட்டின் நீளம் 15 அடி. அகலம் 10 அடி. ஒரே அறை. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணிக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு, கீலுக்கு எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். ஒரு சென்டுக்கு வாங்கிய சாக்கட்டிகூட அந்தக் கணக்கில் இருக்கிறது. அப்போது ஹார்வர்டில் ஒரு மாணவர் ஓர் அறைக்குக் கொடுத்த வருஷ வாடகையே 30 டாலர்!

ஜூலை 4-ந் தேதி அவர் குடி புகுந்தார். அன்று அமெரிக்காவின் சுதந்திர தினம்.

வீட்டுச் சாமான்கள் என்ன? ஒரு கட்டில், ஒரு மேஜை, எழுதுவதற்கு ஒரு சாய்வு மேஜை, மூன்று நாற்காலி, மூன்று அங்குலக் கண்ணாடி, ஒரு விளக்கு, சமையலுக்கு மூன்று நான்கு பாத்திரம், மூன்று தட்டு, ஒரு கோப்பை, ஒரே ஒரு ஸ்பூன். அவ்வளவுதான். தனியாக இருக்க ஒரு நாற்காலி, சிநேகிதர் வந்தால் இரண்டாவது, நாலு பேர் வந்தால் மூன்றாவது. அதற்கு மேலும் ஆட்கள் வந்தால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். இருபத்தைந்து, முப்பது பேர்கூட அந்த அறையில் நின்று பேசியது உண்டு.

முதலில் மேஜைமேல் அழகுக்காக மூன்று சுண்ணாம்புக் கற்களை வைத்திருந்தார். தினமும் அவற்றைத் தூசி தட்ட வேண்டியிருந்தது. மனத்தில் இருக்கும் தூசியையே இன்னும் தட்டவில்லை, இதற்கு வேறு பொழுதா என்று நினைத்தார். மூன்றையும் ஜன்னல் வழியே எறிந்துவிட்டார். ஓர் அம்மாள் கால் துடைக்கும் மிதியடி ஒன்றைக் கொடுக்க வந்தார். அதை உதறவும் வைக்கவும் நேரமும் இடமும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மாளுக்கு மனம் வருத்தப்பட்டிருக்கும். வாசற்படியில் உள்ள புல்லிலேயே அவர் காலைத் துடைத்துக்கொண்டார்.

வீடு கழுவும் நாளில் சாமான்களை எல்லாம் புல்மேல் எடுத்து வைப்பார். தரையில் தண்ணீரைக் கொட்டி, குளத்து மணலைத் தூவி, துடைப்பத்தால் தேய்ப்பார். ஊரில் மற்றவர்கள் காலை ஆகாரம் முடிப்பதற்குள் இவர் வீட்டுத் தரை காய்ந்துவிடும்.

வாரத்துக்கு 27 சென்ட்

சாப்பாட்டிலும் யோசனைக்கு இடம் வைக்கவில்லை. ரை என்ற தானிய மாவும் மக்காச்சோள மாவும் கலந்து சுட்ட ரொட்டி, உருளைக்கிழங்கு, அரிசி, உப்பு, கரும்புப் பாகு, எப்போதாவது கொஞ்சம் பன்றி இறைச்சி. குடிக்கத் தண்ணீர். காப்பி, தேநீர் கிடையாது. வாரத்துக்குச் சாப்பாட்டுச் செலவு 27 சென்ட்தான். இந்திய தத்துவத்தில் பற்றுள்ள தமக்கு அரிசிச் சாப்பாடு பொருத்தமே என்று நகைச்சுவையாக எழுதியிருக்கிறார்.

இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ் அவரை பயிர் செய்தார். அதன் வரிசைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் ஏழு மைல் நீளம் வருமாம். விடிகாலை ஐந்து மணிக்கு மண்வெட்டியுடன் இறங்கிவிடுவார். முதல் வருஷம் வரவு 23 டாலர் 44 சென்ட். செலவு 14 டாலர் 72½ சென்ட். லாபம் 8 டாலர் 71½ சென்ட். போதாததற்குக் கூலி வேலையும் தச்சு வேலையும் செய்தார். வருஷத்தில் ஆறு வாரம் உழைத்தால் போதும், ஒரு வருஷச் செலவுக்கு வந்துவிடும் என்று அவர் கண்டுபிடித்தார். பாக்கி நாற்பத்தாறு வாரமும் அவருக்கே சொந்தம்!

ரயிலைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டார். முப்பது மைல் தூரத்தில் ஓர் ஊர். ரயில் கட்டணம் 90 சென்ட். ஏறக்குறைய ஒரு நாள் கூலி. இரண்டு பேர் அந்த ஊருக்குப் போக வேண்டும். ஒருவர் நடந்தே கிளம்புகிறார், இருட்டுவதற்குள் போய்ச் சேருகிறார். மற்றவர் அன்றைக்கெல்லாம் வேலை செய்து கட்டணம் சம்பாதித்து, மறுநாள் ரயில் ஏறுகிறார். யார் முந்தி? இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. மோட்டார் சைக்கிள் தவணை கட்டுகிறவர்கள் வேண்டுமானால் போட்டுப் பார்க்கலாம்.

உடையும் அப்படித்தான். கெட்டியான துணி, அழுக்கு தெரியாத நிறம், குறிப்புப் புஸ்தகம் வைக்கப் பெரிய பை. ஒரு தையற்காரப் பெண்ணிடம் தமக்கு வேண்டிய மாதிரியில் உடுப்புக் கேட்டார். இப்போது யாரும் அப்படித் தைப்பதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அந்த யாரும் என்கிறவர்கள் யார், அவர்களுக்கும் தம் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று தோரோ வெகுநேரம் யோசித்தாராம்.

தாயார் வீட்டுப் பலகாரம்

இதை எல்லாம் படித்துவிட்டு, தோரோ மனித வாடையே இல்லாமல் காட்டில் தவம் செய்தார் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊருக்குப் போவார். வம்பு கேட்பார். தாயார் வீட்டில் சாப்பிடுவார். தாயாரும் சகோதரிகளும் குடிசைக்கு வந்து பார்ப்பார்கள். துணி துவைப்பதும் தைப்பதும் வெளியே நடந்தன. இதைக் காட்டி இன்றுவரை அவரைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேலியில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒருநாள் மழைக்கு ஒதுங்க ஓர் அயர்லாந்துக்காரர் குடிசைக்குள் தோரோ நுழைந்தார. அந்த மனிதருக்கு மனைவி, பல குழந்தைகள். சதுப்பு நிலத்தைக் கொத்தும் வேலை. கூரை ஒழுகுகிறது. காப்பி, வெண்ணெய், இறைச்சி வாங்குவதற்காகத்தானே இவ்வளவு பாடு, அவற்றை விட்டுவிட்டால் இவ்வளவு உழைக்க வேண்டாமே என்று தோரோ உபதேசம் செய்தார். புருஷன் பெருமூச்சு விட்டார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பார் என்று நமக்குத் தெரியும். ஒண்டிக்கட்டை வெண்ணெயை விடலாம். பால் குடிக்கும் குழந்தை உள்ள வீடு எதை விடுவது? இருக்கிறவன் குறைத்துக்கொள்வது ஒன்று, இல்லாதவனுக்குக் குறைவது வேறு. இந்த இடத்தில் தோரோ அவசரப்பட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால், மிச்சம் பிடித்த பொழுதை அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் குளத்தில் குளித்தார். கோடையில் சில நாள் காலை முதல் நடுப்பகல் வரை வாசலில் சும்மா உட்கார்ந்து பறவைகளைப் பார்த்தார். வால்டன் குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1846-ன் தொடக்கத்தில், குளம் உறைந்து கிடந்தபோது, தோரோ கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தார். மிக ஆழமான இடம் 102 அடி. அத்தனை பேர் பேசினார்கள். கயிறு எடுத்துக்கொண்டு போக ஒருவருக்கும் நேரம் இல்லை!

எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணனோடு போன ஆற்று யாத்திரையை எழுதினார். மூன்று வருஷமாக நகராத பேனா அந்தக் குடிசையில் நகர்ந்தது.

ஓர் இரவு சிறைவாசம்

1846-ம் ஆண்டு ஜூலை மாதம், தைக்கக் கொடுத்திருந்த செருப்பை வாங்க ஊருக்குப் போனார். வழியில் சாம் ஸ்டேபிள்ஸ் என்ற ஊர்க் காவல் அதிகாரி நிறுத்தினார். வரி வசூலிப்பவரும் அவர்தான். தோரோ சில வருஷமாகத் தலைவரி கட்டவில்லை. கையில் பணம் இல்லையானால் தாமே கட்டிவிடுவதாக ஸ்டேபிள்ஸ் சொன்னார். பணம் இல்லாமல் அல்ல, மனம் இல்லாமல்தான் கட்டவில்லை என்று தோரோ தெரிவித்தார். மனிதரை அடிமையாக வைத்திருக்க இடம் கொடுக்கும் சர்க்கார், மெக்சிகோ நாட்டின்மேல் படையெடுத்த சர்க்கார், அதற்குத் தம் கையால் பணம் கொடுக்க முடியாது என்பது அவர் தீர்மானம்.

சிறையில் அடைத்தார்கள். அன்றிரவே யாரோ வந்து வரியைக் கட்டிவிட்டார்கள். அத்தை ஒருவர் என்று சொல்வார்கள். காலையில் வெளியே அனுப்பியபோது தோரோவுக்குக் கோபம் வந்தது. பிறகு செருப்பை வாங்கிக்கொண்டு, சிலரோடு மலைப்பக்கம் காட்டுப் பழம் பறிக்கப் போய்விட்டார்.

பிடித்துப் போனால் இழப்பதற்கு அவரிடம் என்ன இருந்தது? மூன்று நாற்காலி. சர்க்காருக்கு முடியாது என்று சொல்லும் துணிச்சலுக்கும் அந்தச் சின்ன வீட்டுக்கும் சம்பந்தம் இருந்தது.

அந்த ஓர் இரவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1849-ல் அச்சாயிற்று. அப்போது யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1907-ல், தென் ஆப்பிரிக்காவில் காந்திஜி தமது இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் அதன் சாரத்தை வெளியிட்டார். சத்தியாகிரகம் அதைப் படிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காந்திஜியே விளக்கியிருக்கிறார். ஆனாலும், தம் வழியில் முன்பே நடந்து போன ஒருவர் என்று தோரோவை மதித்தார்.

சென்னைக்கு வந்த ஐஸ்

1846-47 குளிர்காலத்தில் குளக்கரையில் திடீரென்று நூறு ஆட்கள் வந்து இறங்கினார்கள். உறைந்த குளத்தைக் கட்டி கட்டியாக அறுத்தார்கள். பாஸ்டன் ஐஸ் வியாபாரிகளின் ஆட்கள் அவர்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கக் குளங்களின் ஐஸ் மரத்தூளில் பொதிந்து கப்பல் ஏறி, கடல் கடந்து, கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நம் சென்னைக்கும் வந்துகொண்டிருந்தது. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று பெயர் பெற்ற கட்டடம், 1842-ல் அந்த ஐஸை வைப்பதற்குக் கட்டியதே. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

தோரோ தினமும் காலையில் பகவத் கீதை படிக்கும் வழக்கம் உள்ளவர். தம் குளத்துத் தண்ணீரைச் சென்னையிலும் பம்பாயிலும் குடிக்கப் போகிறார்கள், தாமோ இங்கே இருந்துகொண்டு அவர்கள் நாட்டு ஞானத்தில் நீராடுகிறோம் என்று நினைத்து மகிழ்ந்தார். அந்த வருஷம் வெட்டிக் குவித்த ஐஸில் பெரும் பகுதி கப்பல் ஏறவில்லை என்பதும் உண்மை. கரையிலேயே உருகிக் குளத்துக்கே திரும்பிவிட்டது. அதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

திரும்பி வந்தார்

1847-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி தோரோ குடிசையை விட்டுக் கிளம்பினார். ஏன்?

காட்டுக்குப் போன ஒரு வாரத்திலேயே, வாசற்படியிலிருந்து குளம் வரை அவர் காலடி பட்டு ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. தினமும் அதே வழி. யோசனை இல்லாமல் கால் தானாக நடந்தது. அந்தப் பாதையைப் பார்த்து அவருக்கே திடுக்கென்றது. தேவையைக் குறைத்தது பொழுது கிடைப்பதற்காக. அதுவே ஒரு பழக்கமாகி, மனத்திலும் அப்படிப் பாதை விழுந்துவிட்டால்? இன்னும் வாழ வேண்டிய வாழ்க்கைகள் பல இருந்தன. ஆகவே வந்துவிட்டார். புஸ்தகத்தின் கையெழுத்துப் பிரதி அவரிடம் தயாராக இருந்தது.

அதைப் பதிப்பிக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் 1849-ல், நஷ்டம் வந்தால் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டு, ஆயிரம் பிரதி அச்சிட்டார். விற்கவில்லை. 1853-ல் பதிப்பாளர் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்தவை 706 பிரதிகள்! தோரோ அவற்றை மாடி அறைக்கு முதுகில் சுமந்து ஏற்றினார். தம்மிடம் சுமார் 900 புஸ்தகம் உள்ள நூல் நிலையம் இருக்கிறது, அதில் எழுநூற்றுக்கு மேல் தாமே எழுதியவை என்று நாட்குறிப்பில் வேடிக்கையாக எழுதிக்கொண்டார். பதிப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய 290 டாலர் கடனைப் பைசா பாக்கி இல்லாமல் தீர்த்தார். நான்கு வருஷம் பிடித்தது. குடிசையைப்போல் பத்துக் குடிசை கட்டக்கூடிய பணம் அது.

வேறொருவராக இருந்தால் பேனாவை வைத்திருப்பார். இவருக்கு அந்த நஷ்டத்தைத் தாங்க முடிந்தது. வீட்டில் மாடி அறை ஒன்று, நிலம் அளக்கும் சர்வேயர் தொழில், பென்சில் வேலை. கிராபைட்டை நைசாக அரைத்துக் களிமண் கலந்து, அமெரிக்காவிலேயே முதல் தரமான பென்சில் செய்ய வழி கண்டவர் அவர். பெருக்கிப் பணக்காரர் ஆகியிருக்கலாம். அதற்கும் பொழுது கொடுக்க அவர் தயாராக இல்லை. தினமும் நாலு மணி நேரமாவது காட்டில் நடப்பார். தொப்பிக்குள் செடி வைக்கச் சின்னத் தட்டு ஒன்று இருக்கும்.

குளக்கரை வாழ்வைப் பற்றிய புஸ்தகத்தையும் எழுதி எழுதித் திருத்தினார். ஏழு முறை திருத்தி எழுதியதாக ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 1854-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி அது வால்டன் என்ற பெயரில் வெளிவந்தது. அதுவும் இரண்டாயிரம் பிரதிதான், மெல்ல மெல்லத்தான் விற்றது. பிற்காலத்தில் அது உலகம் முழுவதும் பரவியதைப் பார்க்க அவர் இல்லை.

கடைசி நாட்கள்

தப்பி வரும் அடிமைகளுக்கு அவர் வீட்டார் அடைக்கலம் கொடுத்தார்கள். தோரோ அவர்களை ரயில் ஏற்றிக் கானடாவுக்கு அனுப்ப உதவினார். 1859-ல், அடிமைகளை விடுவிக்க ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனைத் தேசமே தூற்றியபோது, கான்கார்டு மண்டபத்தில் அவருக்காகத் துணிந்து பேசினார்.

1860-ம் ஆண்டு டிசம்பர் மாதம் குளிரில் மர வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது சளி பிடித்தது. அது க்ஷயரோகமாக முற்றியது. மறு வருஷம் மின்னெசோட்டாவுக்குப் போய்ப் பார்த்தார். குணமாகவில்லை. படுக்கையைக் கீழே முன்னறையில் போட்டார்கள். கட்டுரைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். கை தளர்ந்த பிறகு தங்கை சோபியா எழுதினாள். அவரைச் சிறையில் அடைத்த சாம் ஸ்டேபிள்ஸ்கூட வந்து பார்த்தார். இவ்வளவு அமைதியாகச் சாகும் மனிதரைத் தாம் கண்டதில்லை என்று வெளியே போய்ச் சொன்னார்.

1862-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி காலை. சோபியா பக்கத்தில் உட்கார்ந்து, விலை போகாத அந்த முதல் புஸ்தகத்தின் கடைசிப் பகுதியைப் படித்துக் காட்டினாள். அண்ணனும் தம்பியும் காற்று வாக்கில் பாய் விரித்து ஊருக்குத் திரும்பும் இடம் அது. இனிப் படகு நன்றாக ஓடும் என்ற பொருளில் தோரோ ஏதோ முணுமுணுத்தார். ஒன்பது மணிக்கு உயிர் பிரிந்தது. வயது 44.

கான்கார்டு மயானத்தில் அவர் தலைமாட்டில் ஒரு சின்னக் கல் இருக்கிறது. பிறந்த வருஷம் இல்லை, இறந்த வருஷம் இல்லை, குடும்பப் பெயர்கூட இல்லை. ஹென்றி என்று மட்டும் செதுக்கியிருக்கிறது. அதே இடத்தில் அண்ணன் ஜானும் இருக்கிறார்.